மோசடி மெயிலுக்குப் பின்னால் இருக்கும் 'ஆள்' எப்படி உருவாகிறார்?

கேள்வி இது: "மெயிலில் பெயர், பதவி, கையெழுத்துப் பகுதி, போட்டோ எல்லாம் சரியாக இருந்தது. லிங்க்ட்இனில் தேடினால் ஆளும் இருந்தார். போன வாரம் நடந்த விஷயத்தைக்கூட ஒழுங்காகச் சொன்னார். கடைசியில் பார்த்தால் எல்லாம் பொய். இவ்வளவு நம்பும்படியாக ஒரு ஆளை எப்படிக் கட்டுகிறார்கள்?"

பல வருடமாக மெயில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலை எனக்கு, அதனால் ஏமாற்றுகிறவர்கள் விட்டுப்போன தடயங்களைக் கொஞ்சம் கிட்டத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர்கள் புதிதாகக் கட்டுவது ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலான சரக்கு நிஜம். நிஜப் பெயர், நிஜப் பதவி, நிஜ நிறுவனம், நிஜமாகவே நடந்த கூட்டம். அதில் ஒரே ஒரு இடத்தில், பணம் போகும் கணக்கு எண்ணிலோ பதில் போய்ச் சேரும் முகவரியிலோ லிங்க் திறக்கும் இடத்திலோ, பொய்யைச் சொருகுவார்கள். பத்து நிஜத்துக்கு நடுவில் ஒரு பொய் கமுக்கமாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் உறுத்தாது. ஏமாந்தவர்களை முட்டாள் என்று பேசுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

முதலில் மெயில் என்கிற பொருளையே பார்த்துவிடலாம். ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மெயில் எப்படிப் போக வேண்டும் என்று 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிமுறைதான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. அன்றைக்கு அந்த வலையில் இருந்தவர்கள் ஆய்வாளர்களும் பல்கலைக்கழகக்காரர்களும்தான், அதனால் 'நீ சொல்கிற ஆள் நீதானா' என்று கேட்கிற ஏற்பாடே அதில் வைக்கவில்லை. தபால் உறையில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்கப்போவதில்லை இல்லையா, அதே கதை. இதில் இன்னொரு கூத்து, மெயிலுக்கு உறை தனி, உள்ளே இருக்கும் கடிதத்தின் தலைப்பு தனி. நமக்குத் தெரிகிற 'ஃப்ரம்' வரி கடிதத்தில் இருப்பது. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற முகவரி உறையில் இருப்பது. இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பிற்பாடு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று ஒட்டுப்போட்டார்கள், முகவரியில் '@'-க்குப் பின்னால் வருகிற டொமைனின் அனுமதியோடுதான் மெயில் வந்ததா என்று பார்க்கிற சோதனைகள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு இவற்றைக் கட்டாயமாக்கின, ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்பினால் மூன்றும் இருக்க வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் இவை சரிபார்ப்பது டொமைனை, ஆளை இல்லை. மோசடிக்காரர் தானே ஒரு டொமைனைக் காசு கொடுத்து வாங்கி, மூன்றையும் ஒழுங்காக அமைத்துவிட்டால், அவருடைய மெயில் எல்லாச் சோதனையிலும் தேறித்தான் வரும். சில நேரம் நிஜ நிறுவனத்தின் மெயிலைவிட மோசடிக்காரரின் அமைப்பு சுத்தமாக இருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கும் மெனக்கெடாதவர்கள் இருக்கிறார்கள். இலவச மெயில் கணக்கு ஒன்றைத் திறந்து, பெயர் போடும் இடத்தில் உங்கள் மேலாளரின் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது. ஃபோன் திரையில் பெயர்தான் பெரிதாகத் தெரியும், முகவரியைப் பார்க்க அதைத் தட்டித் திறக்க வேண்டும், யார் திறக்கிறார்கள்? இதில் கெட்டிக்காரர்கள் பெயர் போடும் இடத்திலேயே மேலாளரின் முழு மெயில் முகவரியை எழுதிவிடுவார்கள். பார்க்கிறவர் 'முகவரி சரியாகத்தானே இருக்கிறது' என்று நினைத்துக்கொள்வார். அவர் பார்த்தது முகவரி இல்லை, முகவரி மாதிரி எழுதப்பட்ட பெயர்.

டொமைன் விஷயத்தில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்கிற உதாரணம் ஃபிலிப்போ பெர்னார்டினி என்கிற இத்தாலியர். லண்டனில் ஒரு பெரிய பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். 2016 ஆகஸ்டிலிருந்து ஏறக்குறைய 5 வருடம், பதிப்பாசிரியர்கள், இலக்கிய முகவர்கள் என்று நூற்றுக்கணக்கான நிஜ மனிதர்களின் பெயரில் மெயில் அனுப்பி, இன்னும் அச்சுக்குப் போகாத கையெழுத்துப் பிரதிகளை வாங்கிக்கொண்டே இருந்தார். 1000-க்கும் மேல். இதற்காக 160-க்கும் அதிகமான டொமைன்களைப் பதிவு செய்திருந்தார். அவருடைய பிடித்தமான தந்திரம், ஆங்கில 'எம்' எழுத்து வரும் இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போடுவது. சின்ன எழுத்தில் அவை இரண்டும் சேர்ந்தால் அச்சு அசல் 'எம்' மாதிரியே இருக்கும்.

ஆனால் அந்த எழுத்து வேலை மட்டும் இருந்திருந்தால் ஒருநாள் கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. அவரைக் காப்பாற்றியது பேச்சு. பதிப்பகத்தார் தங்களுக்குள் மெயில் எழுதும்போது கையெழுத்துப் பிரதி என்பதை இரண்டெழுத்தில் சுருக்குவார்கள். அவரும் அப்படித்தான் எழுதினார். யார் எந்தப் புத்தகத்தை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் யார் கேட்டால் இயல்பாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 'புதுப் பிரதி வந்துவிட்டதா, ஒரு பார்வை பார்க்கட்டுமா' என்று போகிறபோக்கில் ஒரு வரி. துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்கூட யோசிக்காமல் அனுப்பிவிட்டார்கள். 2022 ஜனவரியில் நியூயார்க் விமான நிலையத்தில் கைதானார், அடுத்த வருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தப் பிரதிகளை விற்கவுமில்லை, வெளியே விடவுமில்லை. மற்றவர்களுக்கு முன்னால் படிக்கிற ஆசைதான் என்று நீதிமன்றத்தில் சொன்னார். ஆசைக்காகவே ஒருவர் இவ்வளவு செய்தார் என்றால், பணத்துக்காகச் செய்கிறவர்கள் எவ்வளவு செய்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

(எழுத்து மயக்கம் ஆங்கிலத்துக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். ஔவை என்பதை 'ஔ' என்கிற ஒரே எழுத்தாகவும் தட்டலாம், 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகவும் தட்டலாம். படிக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ரஷ்ய எழுத்துகளையும் லத்தீன் எழுத்துகளையும் வைத்து இதே வேலையை டொமைனில் செய்வது பழைய வித்தை. 2017-இல் ஓர் ஆய்வாளர் முழுக்க ரஷ்ய வகை எழுத்துகளை வைத்தே ஆப்பிள் என்று படிக்கிற மாதிரி ஒரு டொமைனைப் பதிவு செய்து காட்டினார், பிரவுசர் செய்கிறவர்கள் அதற்கப்புறம்தான் விழுந்தடித்துச் சரிசெய்தார்கள்.)

சரி, இந்த நிஜச் சரக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது? திருடவே வேண்டியதில்லை, நாமே தட்டில் வைத்துக் கொடுக்கிறோம். நிறுவனத்தின் வலைத்தளத்தில் 'எங்கள் குழு' பக்கம் இருக்கும், யாருக்கு யார் மேலதிகாரி என்பது லிங்க்ட்இனில் தெரிந்துவிடும். வேலைக்கு ஆள் தேவை என்று போடும் விளம்பரத்தில் எந்தக் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்பது வரைக்கும் எழுதியிருப்பார்கள். டெண்டர் முடிவுகள், சப்ளையருடன் கைகுலுக்குகிற போட்டோ, மாநாட்டுப் பேச்சாளர் பட்டியல் என்று பொதுவில் கிடப்பதைச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது விடுப்பில் இருக்கும்போது தானாகப் போகிற பதில் மெயில். 'நான் 12 முதல் 19 வரை விடுமுறையில் இருக்கிறேன், ஃபோனில் கிடைக்க மாட்டேன், பில் விஷயமாக இன்னாரை இந்த எண்ணில் அழைக்கவும்' என்று எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். ஒரு மோசடிக்காரருக்கு வேண்டிய நான்கு விஷயம் இதில் இருக்கிறது: யார் இல்லை, எத்தனை நாள் இல்லை, அவரை அழைத்துச் சரிபார்க்க முடியாது, அவருக்குப் பதில் யாரை மடக்க வேண்டும். கீழேயே கையெழுத்துப் பகுதியும் லோகோவும் எழுத்துரு முதற்கொண்டு இருக்கும், அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். சும்மா நூல் விட்டுப் பார்க்கிற மாதிரி நூறு பேருக்கு ஒரு வெற்று மெயில் அனுப்பினால் இப்படிப் பத்துப் பதில் திரும்பி வரும்.

கசிந்த தரவு இன்னொரு சுரங்கம். 2018 வாக்கில் ஒரு வகை மிரட்டல் மெயில் பரவியது, 'உன் கேமரா வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று. வெறும் கதைதான், கேமராவும் இல்லை ஒன்றும் இல்லை. ஆனால் தலைப்பிலேயே நீங்கள் எப்போதோ வைத்திருந்த பாஸ்வேர்ட் இருக்கும். எங்கேயோ உடைக்கப்பட்ட ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் எடுத்தது. அந்த ஒரு நிஜத்தைப் பார்த்ததும் மீதிப் பொய்யையும் நிறைய பேர் நம்பிப் பணம் அனுப்பினார்கள்.

போட்டோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்பெல்லாம் யாரோ ஒருவருடையதைத் திருடுவார்கள், காதல் மோசடிகளில் அமெரிக்க ராணுவ வீரர்களின் படங்கள் இப்படியே சுற்றின. படத்தை வைத்துத் தேடினால் மாட்டிக்கொள்வார்கள். 2019 வாக்கில் இல்லாத மனிதர்களின் முகத்தைக் கணினியே வரைந்து தருகிற வசதி எல்லார் கைக்கும் வந்ததும் அந்தத் தேடலுக்கு மரியாதை போய்விட்டது. ஆரம்பத்தில் அந்த முகங்களில் கண்கள் எப்போதும் படத்தின் ஒரே இடத்தில் இருக்கும், காதணி ஒரு பக்கம் ஒரு மாதிரி இன்னொரு பக்கம் வேறு மாதிரி இருக்கும். இப்போது அதையெல்லாம் நம்பி ஒரு படத்தை நிஜம் என்று சொல்ல நான் தயாரில்லை.

போட்டோவைவிடக் கடினமானது பழமை. நேற்றுத் திறந்த கணக்கு என்றால் சந்தேகம் வரும், அதனால் ஆளை வளர்க்கிறார்கள். 2021 ஜனவரியில் கூகுளின் பாதுகாப்புக் குழு ஒன்றை வெளிப்படுத்தியது. வட கொரிய அரசின் ஆதரவுள்ள ஒரு கூட்டம், கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களையே குறிவைத்து ஆய்வாளர் வேடம் கட்டியிருந்தது. தனியாக ஒரு வலைப்பூ, அதில் உண்மையான தொழில்நுட்பக் கட்டுரைகள், விஷயம் தெரியாமலே விருந்தினராக எழுதிக்கொடுத்த நிஜ ஆய்வாளர்களின் கட்டுரைகள்கூட இருந்தன. ட்விட்டரில் பல கணக்குகள், ஒன்று போட்டதை இன்னொன்று பகிரும். அவர்கள் போட்ட ஒரு வீடியோ போலி என்று யாரோ சொன்னபோது, இல்லை நிஜம்தான் என்று வக்காலத்து வாங்கியதும் அவர்களே நடத்திய இன்னொரு கணக்கு. இப்படியெல்லாம் பழகியபின் 'சேர்ந்து ஓர் ஆய்வு செய்யலாமா' என்று கேட்டு, வைரஸ் வைத்த கோப்பைக் கொடுத்தார்கள். சந்தேகப்படுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஏமாந்தார்கள்.

ஒரு பொய் ஆளுக்குச் சாட்சியாக இன்னொரு பொய் ஆளை நிறுத்துகிற இந்த உத்தி மெயிலிலும் உண்டு. மெயிலில் சிசி-யில் இரண்டு பேர் இருப்பார்கள், இரண்டு நாள் கழித்து அதில் ஒருவர் 'நான் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, உங்கள் கருத்து என்ன' என்று பதில் போடுவார். மூவரும் ஒரே ஆள். ஆனால் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நாம் மட்டும் பதில் சொல்லாமல் இருந்தால் நமக்கே ஒரு மாதிரி இருக்கிறதல்லவா, அங்கேதான் விழுகிறோம்.

காகிதத்தில் ஆளை உருவாக்கியவர்களில் எவால்டாஸ் ரிமாசௌஸ்காஸ் என்கிற லிதுவேனியரை மிஞ்ச ஆளில்லை. குவாண்டா கம்ப்யூட்டர் என்று தைவானில் ஒரு பெரிய வன்பொருள் நிறுவனம் இருக்கிறது, கூகுளும் ஃபேஸ்புக்கும் அதனிடம் நிஜமாகவே பொருள் வாங்கிக்கொண்டிருந்தன. இவர் லாட்வியாவில் அதே பெயரில் ஒரு கம்பெனியைச் சட்டப்படி பதிவு செய்தார், அதன் பெயரில் வங்கிக் கணக்கு திறந்தார், பிறகு 2013-க்கும் 2015-க்கும் இடையில் இரண்டு நிறுவனங்களுக்கும் இன்வாய்ஸ் போய்க்கொண்டே இருந்தது. ஒப்பந்தம், கடிதம், நிறுவன முத்திரை எல்லாம் போலியாகத் தயார் செய்து வங்கிக்கும் காட்டினார்கள். மொத்தம் 12 கோடி டாலருக்கும் மேல். 2019-இல் 5 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. கவனியுங்கள், வாங்கிய பொருள் நிஜம், சப்ளையர் பெயர் நிஜம், கணக்கில் இருந்த பெயரும் சப்ளையர் பெயரேதான். எந்த நாட்டில் இருக்கிற கணக்கு என்பது ஒன்றுதான் இடித்தது.

இதையெல்லாம்விட மோசமானது, ஆளே உருவாக்காமல், ஏற்கெனவே இருக்கிற ஆளின் மெயில் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வது. பாஸ்வேர்ட் ஒன்று கிடைத்தால் போதும், உள்ளே போய் வாரக்கணக்கில் சும்மா படித்துக்கொண்டிருப்பார்கள். யாரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள், 'அன்புடன்' போடுவீர்களா வெறும் பெயரோடு விட்டுவிடுவீர்களா, பில் எந்தத் தேதியில் போகும் என்று எல்லாம் பாடமாகிவிடும். பிறகு நடந்துகொண்டிருக்கும் பேச்சிலேயே ஒரு பதிலை நுழைப்பார்கள். எமோடெட் என்கிற வைரஸ் இதை மனிதத் தலையீடே இல்லாமல் செய்தது, பழைய மெயில் தொடர்களை அள்ளி அதற்குப் பதில் போடுகிற மாதிரி தன்னைப் பரப்பிக்கொண்டது. 2021 ஜனவரியில்தான் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதை முடக்கினார்கள்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சின்ன அலுவலகம், பழைய சப்ளையர் ஒருவரிடமிருந்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனி இதில் போடவும்' என்று மெயில். நடந்துகொண்டிருந்த தொடரிலேயே வந்தது, கீழே முந்தைய ஏழு எட்டு மெயிலும் அப்படியே இருந்தன. கணக்குப் பிரிவில் இருந்த அம்மா அசட்டையான ஆள் இல்லை. ஃபோன் செய்து கேட்டார். 'ஆமாம் மேடம், ஆடிட்டர் சொன்னதால் மாற்றினோம், சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்று பதில் வந்தது. பணம் போட்டார். அவர் அழைத்தது அந்த மெயிலின் கையெழுத்துப் பகுதியில் இருந்த எண்ணை. நிஜ எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் 47, மெயிலில் இருந்தது 74.

பிறகு சப்ளையரின் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, அந்த அலுவலகத்தின் டொமைனிலிருந்து வருகிற எதுவும் இன்பாக்ஸுக்குப் போகாமல், வலைத்தளங்களின் புதுப் பதிவுகளுக்காக இருக்கிற, யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் என்கிற ஃபோல்டருக்கு நகர்ந்து 'படித்தாயிற்று' என்று குறிக்கப்படும்படி ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. அந்த விதிக்கு வைத்த பெயர் ஒரே ஒரு புள்ளி. பட்டியலில் கண்ணுக்கே தெரியாது. அலுவலகத்தார் எழுதியதற்கெல்லாம் பதில் போட்டது யார் என்று அப்போதுதான் புரிந்தது.

இந்த வகை மெயில்களை நிறையப் படித்தபின் எனக்குப் பிடிபட்ட ஒன்று: பொய் ஆள் எந்த வகையாக இருந்தாலும், அவரை நேரில் பார்க்கவோ ஃபோனில் பிடிக்கவோ முடியாததற்கு ஒரு காரணம் அந்த வேடத்திலேயே தைக்கப்பட்டிருக்கும். காதல் மோசடிக்காரர் ஏன் எண்ணெய்க் கிணற்றிலோ போர் முனையிலோ இருக்கிறார்? அங்கே நெட்வொர்க் இருக்காது. முதலாளி வேடத்தில் வருகிறவர் எப்போதும் கூட்டத்தில் இருப்பார் அல்லது விமானம் ஏறப்போவார். வாரிசில்லாத சொத்தைப் பற்றி எழுதுகிற வக்கீல் 'ரகசியம் காக்கவும்' என்பார். பாரிஸ் போலீஸில் இருந்த விடோக் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். சிறைக் கைதிகள் வெளியூர்ப் பணக்காரர்களின் முகவரிகளைத் திரட்டி, புதைத்துவைத்த நகைப்பெட்டி பற்றிக் கடிதம் எழுதுவார்களாம். எழுதுகிறவர் உள்ளே இருப்பதால் வந்து காட்ட முடியாது, நீங்கள் கொஞ்சம் பணம் அனுப்பினால்தான் ஆகும்.

அப்படியானால் அரைகுறை ஆங்கிலத்தில், ஆயிரம் பிழையோடு, கோடிக்கணக்கில் பணம் என்று வருகிற மெயில்கள்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார், எனக்கு மிகவும் பிடித்தது. மெயில் அனுப்பச் செலவில்லை, பதில் போட்டவரோடு மாதக்கணக்கில் பேசத்தான் செலவு. பாதியில் சுதாரித்து விலகுகிறவர் வந்தால் நஷ்டம். அதனால் நம்பவே முடியாத கதையைச் சொல்லி, அதையும் நம்புகிறவரை மட்டும் சலித்து எடுக்கிறார்கள். இப்போது அந்தப் பேச்சையும் மென்பொருளே எழுதிக்கொடுக்கிறது என்பதால் இந்தக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 'பிழை இருந்தால் மோசடி' என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள், அந்தப் பாடத்தைக் கொஞ்சம் மூட்டை கட்டலாம்.

ஃபோன், வீடியோ எல்லாம் பாதுகாப்பு என்று நினைத்ததும் ஆட்டம் கண்டுவிட்டது. 2024 தொடக்கத்தில் ஆருப் என்கிற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவருக்கு, பிரிட்டனில் இருக்கும் நிதித் தலைவர் பெயரில் ரகசியப் பரிவர்த்தனை பற்றிச் செய்தி வந்தது. அவர் சந்தேகப்பட்டார். வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள், அதில் தெரிந்த முகங்கள் இருந்தன, சந்தேகம் தீர்ந்தது. அவரைத் தவிர அங்கிருந்த எல்லா முகமும் கணினி செய்தது. 15 தவணையில் 20 கோடி ஹாங்காங் டாலர் போய்விட்டது.

அதனால்தான் யாராவது ஒரு மெயிலைக் காட்டி 'இவர் நிஜமா' என்று கேட்டால் நான் ஆளைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், என்ன கேட்கிறார் என்று பார்க்கிறேன். பணம், கணக்கு மாற்றம், பாஸ்வேர்ட், ஓடிபி, ரகசியம், அவசரம் இதில் ஏதாவது ஒன்று இருந்தால், அனுப்பியவர் என் சொந்த அண்ணனாகவே இருந்தாலும், அந்த மெயிலிலோ அந்த அழைப்பிலோ இல்லாத ஓர் எண்ணுக்குப் பேசிவிட்டுத்தான் மேலே நகர்வது. நான் சொன்ன அந்த அலுவலகத்தில் இப்போது சப்ளையர்களின் எண்கள் ஒரு நோட்டில் கையால் எழுதி, கணக்குப் பிரிவு மேஜை டிராயரில் இருக்கிறது. கணக்கு எண் மாற்றம் என்று மெயில் வந்தால் அந்த அம்மா முதலில் டிராயரைத்தான் திறக்கிறார்.